ஒரே பனிப்பாறையின் துண்டுகள் என்று எப்படிச் சொல்கிறார்கள்? (ஹவுமியா குடும்பம்)

ஓடம்போக்கி (திருவாரூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாவது படிக்கும் என் மகள் அறிவியல் கண்காட்சிக்கு ஹவுமியாவை எடுத்திருக்கிறாள். நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் குறுங்கோள். அதற்கு ஒரு குடும்பம் உண்டாம். எந்தக் காலத்திலோ அதிலிருந்து உடைந்த பனித்துண்டுகள் தனித்தனியாகச் சூரியனைச் சுற்றுகின்றனவாம்.

"யாராவது உடைந்ததைப் பார்த்தார்களா அப்பா? புள்ளியாகத் தெரிகிற ஒன்றைப் பார்த்து இது அதன் துண்டு என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டாள். "எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்மா" என்று சமாளித்தேன். உடனே படத்தை எடுத்து நீட்டிவிட்டாள். ஒன்று சூரியனுக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். மானம் போயிற்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

மகள் கெட்டிக்காரி. பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனே இல்லை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு.

உடைந்த துண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் விலகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 47 லட்சம் கிலோமீட்டர். ஹவுமியா சூரியனிலிருந்து சராசரியாக 43 வானியல் அலகு தூரத்தில் சுற்றுகிறது (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்தான் ஒரு அலகு). ஒரு சுற்றுக்கு 280 வருடத்துக்கும் மேல். பாதையின் நீளம் சுமார் 4,000 கோடி கிலோமீட்டர். துண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே பின்னே நகர்ந்து சில ஆயிரம் ஆண்டுகளிலேயே பாதை முழுக்கப் பரவிவிடும். உடைந்ததோ 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் என்று கணிக்கிறார்கள். இன்று வானத்தில் எது எங்கே நிற்கிறது என்பதில் ஒரு தகவலும் மிச்சமில்லை.

மிச்சம் இருப்பது பாதையின் வடிவம். மூன்று எண்கள்: சராசரித் தூரம், மையத்தொலைத் தகவு (வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது), சாய்வு (பூமி சுற்றும் தளத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது). இவற்றையும் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. நெப்டியூன் இழுக்க இழுக்க இவை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நம் ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது மட்டம் இந்த வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். ஒரு நாள் அளந்து இது பெரிய வாய்க்கால், அது சின்ன வாய்க்கால் என்று சொன்னால் சிரிப்பார்கள். பல வருடச் சராசரியை எடுத்தால்தான் வாய்க்காலின் சொந்த குணம் தெரியும். வானியலில் அந்தச் சராசரி எண்களைக் கணினியில் பல லட்சம் ஆண்டுகளுக்குப் பாதையை ஓட்டிப் பார்த்து எடுக்கிறார்கள்.

இந்த வழி புதிதல்ல. 1918-இலேயே ஜப்பானிய வானியலாளர் கியோட்சுகு ஹிராயாமா செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் சிறுகோள்களில் இப்படி மூன்று குடும்பங்களைப் பிரித்துக் காட்டினார்: கொரோனிஸ், ஈயோஸ், தெமிஸ்.

விதைநெல் (வலங்கைமான்)

சார், எனக்கு வானம் தெரியாது, வயல் தெரியும். நான் விதைப்பண்ணை வைத்திருக்கிறேன். ஒரே நாற்றங்காலில் வளர்த்து, ஒரே வரிசையில் நட்டாலும் ஏடிடி 43 நெல் வயலில் நடுவே சிஆர் 1009 ரகம் எட்டிப் பார்க்கும். பூக்கும் முன், பூக்கும்போது, அறுப்புக்கு முன் என்று இறங்கிக் கலவன் (கலந்து முளைத்த வேறு ரகச் செடி) பிடுங்காவிட்டால் விதைச் சான்று கிடையாது. நிற்கிற இடத்தை வைத்து ரகத்தை முடிவு செய்ய முடியாது. உயரம், இலை நிறம், கதிர், மணி எல்லாம் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரே பாதையில் சுற்றுவதாலேயே ஒரு தாய் பிள்ளை என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்? கலவன் இருக்காதா?

அரசலாறு

இருக்கும். நிறையவே இருக்கும். நான் இரண்டு பத்தியில் வளைத்து வளைத்துச் சொல்லியிருப்பதை ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். இந்த இழையில் இனி கலவன் என்றே சொல்வோம்.

கலவனைப் பிரிப்பது நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது. அதுவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இல்லை, அகச்சிவப்பில். நீர்ப்பனி சூரிய ஒளியை 1.5 மைக்ரான், 2.0 மைக்ரான் அலைநீளங்களில் விழுங்கிவிடும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). திரும்பி வரும் ஒளியில் அந்த இரண்டு இடத்திலும் பள்ளம் விழும். பனி எவ்வளவு சுத்தமோ பள்ளம் அவ்வளவு ஆழம். கண்ணுக்குத் தெரியும் நிறத்திலும் ஒரு சாடை உண்டு. கைப்பர் பட்டையில் (நெப்டியூனுக்கு அப்பால் இப்படிப்பட்ட பனிப்பொருள்கள் சுற்றும் பகுதி) பலவும் செம்மண் நிறம். கரிமச் சேர்மங்கள் மேல் கதிர்வீச்சு விழுந்து விழுந்து அப்படி ஆகிறது. ஹவுமியா கூட்டத்தில் அந்தச் சிவப்பு ஏறக்குறைய இல்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு.

2007-இல் அமெரிக்க வானியலாளர் மைக் பிரவுனும் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைத்தான். ஐந்து பொருள்கள்: 1995 எஸ்எம்55, 1996 டிஓ66, 2002 டிஎக்ஸ்300, 2003 ஓபி32, 2005 ஆர்ஆர்43. ஐந்திலும் ஆழமான பனிப் பள்ளம். ஐந்துக்கும் சாய்வு ஏறக்குறைய 26 முதல் 28.5 பாகை, சராசரித் தூரம் சுமார் 42 முதல் 43.5 வானியல் அலகு. ஹவுமியாவின் சாய்வு 28. பிற்பாடு 2009 ஒய்ஈ7 போலச் சில பொருள்கள் சேர்ந்தன.

பெயர்களைப் பார்த்து உங்கள் மகள் பயந்திருப்பாள். அது வெறும் தேதிதான். ஒவ்வொரு மாதத்தையும் இரண்டாகப் பிரித்து ஒரு எழுத்து. 'டி' என்றால் அக்டோபர் முதல் பாதி, 'எஸ்' என்றால் செப்டம்பர் இரண்டாம் பாதி. மற்றது வரிசை எண்.

கோடியக்கரை இரவு (வேதாரண்யம்)

ஹவுமியாவுக்கே 2003 ஈஎல்61 என்றுதான் முதலில் பெயர். ஸ்பெயின் குழு 2003 மார்ச்சில் எடுத்த படத்தில் இருந்ததால் 'ஈ'. அந்தக் கண்டுபிடிப்பை யார் முதலில் செய்தது என்பது பெரிய கதை. அமெரிக்கக் குழு 2004 டிசம்பரிலேயே பார்த்துவிட்டு வெளியே சொல்லாமல் வைத்திருந்தது. 2005 ஜூலையில் ஸ்பெயின் குழு அறிவித்ததும்...

மட்டுறுத்துநர்

அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. போன வருடம் அங்கே இரண்டு பேரைத் தடை செய்ய வேண்டி வந்தது. இங்கே வேண்டாம்.

கோடியக்கரை இரவு

சரி சரி. பெயர்ப் பொருத்தத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஹவுமியா ஹவாய்த் தீவுகளின் பிள்ளைப்பேற்றுத் தெய்வம். அவள் உடம்பின் பல பாகங்களிலிருந்து பிள்ளைகள் பிறந்தார்கள் என்பது அந்த ஊர்க் கதை. இரண்டு நிலவுகளுக்கும் ஹியியாக்கா, நமாக்கா என்று அவளுடைய பெண்களின் பெயரையே வைத்தார்கள். பெயர் வைத்தது 2008 செப்டம்பர். குடும்பம் தெரிந்தது 2007.

பாமணி (மன்னார்குடி)

புள்ளியியல் படிக்கிறேன், அந்தப் புத்தி போகாது. எனக்கு ஒரு பெரிய சந்தேகம்.

"பனிப் பள்ளம் இருந்தால்தான் குடும்பம்" என்று விதி வைத்துவிட்டு, அப்புறம் "பாருங்கள், குடும்பத்தில் எல்லோருக்கும் பனி இருக்கிறது" என்று வியப்பது சுற்றி வளைத்த வாதம் இல்லையா? கலவனை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு வயல் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வது போல. அதே பாதையில் பனி இல்லாதவை எத்தனை கிடக்கின்றன? அவை குடும்பம் இல்லை என்று யார் சொன்னது?

விதைநெல்

தங்கச்சி, பிடுங்கினால்தானே வயல் சுத்தம் ஆகும்?

பாமணி

ஆகும் அண்ணே. ஆனால் "எங்கள் ஊர் மண்ணே சுத்தமானது" என்று அப்புறம் பெருமை பேசக்கூடாது.

அரசலாறு

நல்ல கேள்வி. இரண்டு பாகமாகப் பதில்.

முதல் பாகம், எது முன்னால் நடந்தது என்பது. பாதையை வைத்து ஒரு கூட்டத்தை ஒதுக்கி, அதில் பனி உள்ளதை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. பட்டையில் பல பொருள்களின் அகச்சிவப்பு நிறமாலையை எடுத்துக்கொண்டு போனார்கள். 1996 டிஓ66-இல் பனி இருப்பது 1999-இலேயே தெரியும். பனிப் பள்ளம் அசாதாரணமாக ஆழமாக இருந்தவற்றைத் தனியே எடுத்து வைத்தபோதுதான், இவை எல்லாம் ஒரே மாதிரிப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்ணில் பட்டது. நிறம் பார்த்தவருக்குப் பாதை தெரியாது. பாதைக்கு நிறம் தெரியாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே ஆளைக் காட்டுகின்றன.

பனி மட்டும் போதாது என்பதும் உண்மை. புளூட்டோவின் நிலவு கேரனில் நீர்ப்பனி அப்பட்டமாகத் தெரிகிறது. ஆர்க்கஸ் என்ற இன்னொரு பட்டைப் பொருளிலும் உண்டு. அவற்றின் பாதையே வேறு. யாரும் அவற்றை ஹவுமியாவின் பிள்ளை என்பதில்லை.

இரண்டாம் பாகத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தாய்ப் பொருள் உள்ளே பாறை, மேலே பனி என்று அடுக்காகப் பிரிந்திருந்தது என்று நினைக்கிறார்கள். மேலே இருந்த பனி மட்டும் உரிந்து போனதால் துண்டெல்லாம் சுத்தப் பனி. உள் பாறையிலிருந்து ஒரு கறுப்புத் துண்டு பறந்து போயிருந்தால்? அதே பாதையில் சுற்றும், நிறமாலையில் பள்ளம் இருக்காது, நாம் கலவன் என்று தள்ளிவிடுவோம். இன்றைக்குள்ள முறையில் அதைப் பிடிக்க வழியில்லை.

பாமணி

அதை ஒப்புக்கொண்டதே போதும் சார்.

ஓடம்போக்கி

மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். இன்னொரு கேள்வி வந்துவிட்டது. படத்தில் ஐந்து துண்டும் ஒரு கொத்தாக இருக்கிறது, ஹவுமியா மட்டும் தள்ளி நிற்கிறதாம். "பிள்ளைகள் எல்லாம் ஒரே இடத்தில், அம்மா மட்டும் ஏன் வெளியே?"

அரசலாறு

இந்தப் பெண்ணை ஒரு நாள் பார்க்க வேண்டும்.

அவள் பார்த்தது மையத்தொலைத் தகவு. பிள்ளைகளுக்கு 0.10 முதல் 0.14 வரை. ஹவுமியாவுக்கு சுமார் 0.19. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஹவுமியாவையே கலவன் என்று பிடுங்க வேண்டியதுதான்.

இதற்குக் காரணமான ஆள் நெப்டியூன். அது சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 165 வருடம். 12 சுற்றுக்கு 1,980 வருடம். ஹவுமியாவுக்கு ஒரு சுற்று சுமார் 283 வருடம். 7 சுற்றுக்கு 1,981. கிட்டத்தட்ட ஒன்று. இதை 12:7 ஒத்திசைவு என்பார்கள். ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தொட்டுத் தொட்டு விடுவது போல, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நெப்டியூனின் இழுப்பு விழுகிறது. தூரமும் சாய்வும் பெரிதாக மாறுவதில்லை. பாதையின் நீட்சி மட்டும் மெல்ல மெல்ல மாறுகிறது. பிள்ளைகளில் பல இந்த ஒத்திசைவில் மாட்டாததால் பிறந்த வடிவத்திலேயே இருக்கின்றன.

இதனால் ஒரு லாபமும் உண்டு. இவ்வளவு தூரம் மாற எத்தனை காலம் பிடிக்கும் என்று கணக்கிட்டுத்தான் குடும்பத்தின் வயதையே ஊகித்தார்கள். குறைந்தது 100 கோடி ஆண்டு என்றது அதிலிருந்து வந்தது.

விதைநெல்

குலதெய்வக் கோயில் ஓர் ஊரில், குடும்பம் இன்னோர் ஊரில் என்பது மாதிரி. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கோடியக்கரை இரவு

வெளுப்பு என்று சார் சொன்னாரே, அதற்கு எண்ணும் இருக்கிறது. 2002 டிஎக்ஸ்300, 2009 அக்டோபர் 9 அன்று ஒரு விண்மீனை மறைத்தது. எத்தனை நொடி மறைந்தது என்பதை வைத்து அகலம் சுமார் 286 கிலோமீட்டர் என்று வந்தது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் போனால் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அவ்வளவு சிறியது அவ்வளவு பளிச்சென்று தெரிய வேண்டுமானால் விழும் ஒளியில் 88 சதவீதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். பட்டையில் பல பொருள்கள் 10 சதவீதம்கூட அனுப்பாது. 100 கோடி வருடம் வெயிலில் கிடந்த வேட்டி இன்னும் புதிதாக இருப்பது போல. ஏன் மங்கவில்லை என்பதற்குக் கரிமம் குறைவாக இருந்ததால் சிவக்க ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

விண்மீன் மறைப்பில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1977 மார்ச் 10-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது காவலூர் வானாய்வகத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கியில் பார்த்தார்கள். யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரியவந்த நிகழ்வு அது. 2017 ஜனவரி 21-இல் இதே வழியில்தான் ஹவுமியாவுக்கும் வளையம் இருப்பது தெரிந்தது.

ஓடம்போக்கி

ஹவுமியாவை நாம் பார்க்க முடியுமா அண்ணே?

கோடியக்கரை இரவு

என்னிடம் இருப்பது எட்டு அங்குலம். அதில் கண் வைத்துப் பார்த்தால் 14-ஆம் ஒளித்தரம் வரை (எண் கூடக் கூட மங்கல்). இங்கே உப்பளத்துப் பக்கம் நல்ல இருட்டு, அதனால் அதுவாவது கிடைக்கிறது. ஹவுமியா 17-ஐவிடவும் மங்கல். வாய்ப்பே இல்லை. சுவாதி நட்சத்திரம் இருக்கும் பக்கம் கையைக் காட்டி "அங்கேதான் இருக்கிறாள்" என்று சொல்லலாம். அங்கிருந்து ஒளி வரவே ஏழு மணி நேரம் ஆகும்.

பாமணி

எனக்கு இன்னும் ஒன்று இடிக்கிறது. மோதல் என்றால் வெடித்துச் சிதறியிருக்க வேண்டும். சார் முதலில் போட்ட 150 மீட்டர் வேகம் எங்கிருந்து வந்தது? ஹவுமியாவின் ஈர்ப்பிலிருந்து தப்பவே நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேண்டும். அடிபட்டுத் தெறித்த துண்டு அந்த அளவு வேகத்திலாவது விலகியிருக்க வேண்டாமா?

அரசலாறு

150 என்பது பாதைகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது. தப்பியதற்குப் பிறகு மிஞ்சிய வேகம். நீங்கள் சொல்வது சரி: பெரிய மோதல் என்றால் மிஞ்சுவதும் அதிகமாக இருக்க வேண்டும். 2007-இலிருந்து ஆய்வாளர்களைத் தூங்கவிடாதது இதுதான்.

இதைக் களத்து மொழியில் சொல்லிப் பார்க்கிறேன். விதைநெல் திருத்தட்டும். கதிர் அடிக்கும்போது மணி எங்கேயோ போய் விழும். முறத்தில் புடைக்கும்போது விளிம்பைத் தாண்டிக் காலடியிலேயே விழும். நாம் பார்ப்பது இரண்டாவது வகைச் சிதறல்.

அதனால் நேருக்கு நேர் மோதல் என்ற கதையைப் பலரும் கைவிட்டார்கள். 2010-இல் வந்த யோசனை: ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு பொருள்கள் உரசி, பிறகு ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. சேர்ந்ததும் பம்பரமாகச் சுற்றி விளிம்பில் இருந்த பனியை உதறிவிட்டது. 2022-இல் இன்னொரு குழு, மோதலால் வேகமாகச் சுற்றத் தொடங்கிய ஹவுமியாவில் பிற்பாடு பாறை உள்ளே இறங்கியபோது சுழற்சி இன்னும் கூடி, ஓரத்துப் பனி கழன்றது என்று கணக்கிட்டுக் காட்டியது. நாட்டியக்காரி கையை மடக்கினால் வேகம் கூடுவது போல. ஹவுமியா இன்றும் 3.9 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றுகிறது, அந்த வேகத்தில் நீண்டு முட்டை வடிவமாகிவிட்டது. நீள அச்சு சுமார் 2,300 கிலோமீட்டர், குட்டை அச்சு அதில் பாதிக்கும் குறைவு.

என் சொந்த அபிப்பிராயம்: உதறிய கதைதான் வேகத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் எந்த மாதிரிக் கணக்கும் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் விளக்கவில்லை.

விதைநெல்

முறம் சரிதான் சார். புடைக்கும்போது காலடியில் விழுவது பெரும்பாலும் பதரும் தூசியும். கனமான மணி முறத்திலேயே தங்கும். பாறை உள்ளே, பனி வெளியே என்றீர்களே, அதற்கும் பொருந்துகிறது.

அரசலாறு

இதை நான் யோசிக்கவே இல்லை. குடும்பத்தின் மொத்த எடை ஹவுமியாவின் எடையில் சில சதவீதம்தான். பதரேதான்.

பாமணி

அப்படியானால் உதறிய கதையில் என் கறுப்புத் துண்டுக்கே இடமில்லை. கனமான பாறை உள்ளே இறங்கிவிட்டது, வெளியே போனது பனி மட்டும். மோதல் கதை உண்மையானால்தான் கறுப்புத் துண்டு இருக்கலாம். அதாவது கலவன் என்று தள்ளியவற்றில் உறவு உண்டா இல்லையா என்பது எப்படி உடைந்தது என்பதைப் பொறுத்தது. அதுவே இன்னும் முடிவாகவில்லை.

கோடியக்கரை இரவு

எண்ணிக்கை கூடினால் தெளியும். புளூட்டோவையும் கேரனையும் விட்டால், பட்டையில் முதல் பொருளை டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் 1992-இல் கண்டார்கள். இப்போது நெப்டியூனுக்கு அப்பால் தெரிந்தவை 3,000-க்கு மேல். சிலியில் ரூபின் தொலைநோக்கி வந்துவிட்டது, 8.4 மீட்டர் கண்ணாடி. இந்த எண்ணிக்கையைப் பத்து மடங்கு அளவுக்கு உயர்த்தும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

அரசலாறு

உயர்த்தும். ஆனால் ரூபினின் வடிகட்டிகள் 1 மைக்ரானைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும். பனிப் பள்ளம் 1.5-இல்தான் தொடங்குகிறது. பாதை கிடைக்கும், வெளுப்பா சிவப்பா என்று தெரியும், பனி நேரடியாகத் தெரியாது. மங்கலான ஒவ்வொன்றுக்கும் பெரிய தொலைநோக்கியில் அகச்சிவப்பு நேரம் வாங்குவது நடக்கிற காரியமில்லை. ஆகவே நிறைய ஆள்கள் "இருக்கலாம்" பட்டியலிலேயே நிற்பார்கள்.

ஓடம்போக்கி

கண்காட்சி நேற்று முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

மகள் கறுப்பு அட்டையில் மூன்று எண்களுக்குக் கோடு போட்டு அரிசி ஒட்டினாள். பிள்ளைகளுக்குப் பச்சரிசி. பாதை ஒத்துப்போய் நிறம் ஒத்துப்போகாதவற்றுக்குக் கறுப்புக் கவுனி அரிசி. ஹவுமியாவுக்கு ஒரு கொட்டைப்பாக்கு, கொத்துக்கு வெளியே, நெப்டியூன் இழுத்ததற்கு ஒரு சிவப்பு நூல். கவுனியில் ஒன்றை மட்டும் பச்சரிசிக் கொத்துக்கு நடுவில் ஒட்டி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். பார்க்க வந்த ஆசிரியர் ஒருவர் "இது தப்பாக ஒட்டியிருக்கிறாய்" என்றாராம். "அது பாமணி அக்காவுடையது சார்" என்றாளாம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பாமணி

படம் போடுங்கள் அண்ணே. இப்போதே.

விதைநெல்

கவுனி அரிசி எங்கே வாங்கினீர்கள்? அவர்களிடம் நெல்லாகக் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். விதைக்குப் பத்து கிலோ தேவைப்படுகிறது. கலவன் இல்லாததாக.